சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் தம்பி

ஒரு அந்துப்பூச்சியின் வயிறு காரத் தண்ணீரில் ஊறி இளக அரை மணி நேரமாவது வேண்டும், அவசரப்பட்டு எடுத்தால் நார்நாராகக் கிழியும், இந்தச் சின்ன விஷயம்கூடத் தெரியாத கூட்டம்தான் இந்த ஊரில் பூச்சி பிடிக்கிறோம் பேர்வழி என்று வலையும் விளக்குமாக அலைகிறது என்று நினைத்தார் குலசிங்கத்தார். முழுப் பெயர் தர்மகுலசிங்கம். நோர்வேக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெயரைத் தடக்குப்படாமல் சொல்லும் வெள்ளைக்காரர் ஒருவரை அவர் இன்னும் காணவில்லை, சொல்ல வராதவர்களைப் பற்றி அவருக்குப் பெரிய அபிப்பிராயமும் கிடையாது. குசினி மேசையில் அவருக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கோப்பை, கோப்பைக்குள் சுடுதண்ணீர், சுடுதண்ணீருக்குள் சின்னக் கண்ணாடிக் குழாய், குழாயில் சதையை இளக்குகிற கார மருந்து, அதற்குள் ஒரு நெல்மணி அளவில் பழுப்பாக ஒரு வயிறு. வெளியே மேற்குக் கரையின் மழை, அதற்கும் வேறு வேலை தெரியாது. “இஞ்சாருங்கோ, அந்தக் கோப்பையில இனி ஆரும் தேத்தண்ணி குடிக்கேலாது, தெரியுந்தானே,” என்றாள் அவர் மனைவி பவளம். அவள் சிங்க்கில் உழுந்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். “உது வேற கோப்பை,” என்றார் அவர். அது வேறு கோப்பை இல்லை, அவள் தினமும் குடிக்கிற கோப்பைதான், ஆனால் பவளத்துக்கு எந்தக் கோப்பை எதுவென்று எங்கே தெரியப்போகிறது, அவளுக்கு அந்துப்பூச்சியும் ஒன்று கரப்பானும் ஒன்று. “எப்ப வாறாவாம் அந்தப் பிள்ளை?” “மத்தியானத்துக்கு முதல்.” அந்தப் பிள்ளை என்பது இங்வில், மியூசியத்திலிருந்து பஸ் ஏறி வந்துகொண்டிருக்கிறாள், அவளுக்காகத்தான் வடை. பதினொரு வருடத்துக்கு முன் அவர் பிடித்த ஒரு பூச்சியைச் சரிபார்க்க வருகிறாள். அந்தப் பூச்சி அவர் சொன்ன இனம் இல்லையென்று ஆகிவிட்டால் மாவட்டத்துப் பூச்சிப் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிற ஒரே வரியை அடித்துவிடுவார்கள். அவரிடம் வேறு வரி இல்லை.

இரண்டு இனங்கள். புத்தகத்தில் இரண்டுக்கும் லத்தீனில் நீளமான பெயர் இருந்தாலும் குலசிங்கத்தார் மனதுக்குள் அவற்றை அண்ணன் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அண்ணன் வடக்கு ஐரோப்பாவில் புல் முளைத்த இடமெல்லாம் கிடக்கிற சாதாரண ஆள், கோடையில் விளக்கு வைத்தால் வந்து சுவரெல்லாம் அப்பிக்கொள்வான், அவனை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. தம்பி தெற்குக் கரைகளில் இருக்கிறவன், டென்மார்க் பக்கம் தாராளம், இந்த மாவட்டத்தில் குலசிங்கத்தார் காணும்வரை ஒருவரும் கண்டதில்லை. வெளிப்பார்வைக்கு இரண்டு பேருக்கும் ஒரே பழுப்பு, சிறகில் ஒரே வெள்ளைப் புள்ளி, பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் வயிற்று நுனியில்தான். பெண்ணைப் பற்றிக்கொள்ள ஆணுக்கு அங்கே இரண்டு பிடிகள் உண்டு, அண்ணனின் பிடியடியில் ஒரு தடித்த குமிழ் இருக்கும், தம்பிக்கு அந்த இடம் மெலிந்து கொம்பு போலிருக்கும், அதைக் காண வயிற்றை ஒடித்து, காரத்தில் ஊறவைத்து, செதிலெல்லாம் தூரிகையால் தள்ளி, நுண்காட்டியில் வைக்க வேண்டும். இதெல்லாம் செய்யச் சோம்பல், ஆனால் பெயர் மட்டும் வேண்டும் என்று கைப்பேசியால் ஒரு மங்கல் படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டுக் கேள்விக்குறியோடு காத்திருக்கிற பல் டாக்டர்களையும் ஓய்வுபெற்ற பாதிரிமார்களையும் நினைத்தாலே அவருக்குக் குமட்டும். இந்த இரண்டு இனத்துக்கும் மாவட்டத்தின் சரிபார்ப்பாளர் அவர்தான். எல்லாருக்கும் அவர் எழுதுகிற பதில் ஒன்றே ஒன்று: வயிற்றைக் காட்டு. வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. ஒரு முறை ஒரு பள்ளிக்கூடத்து ரீச்சர், வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து பிடித்தோம், பிள்ளைகள் ஆவலாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள், அதற்கும் அதே பதில்தான், பிள்ளைகள் ஆவலாக இருப்பதால் பூச்சிக்குக் குமிழ் மெலிந்துவிடுமா என்ன. அப்படிப்பட்டவர் தன் பூச்சியின் வயிற்றை மட்டும் பதினொரு வருடமாகப் பார்த்ததில்லை. கேட்டவரும் இல்லை. கேட்கிற அளவுக்கு மாவட்டப் பூச்சிச் சங்கத்தில் மூளையுள்ள ஆளும் இருக்கவில்லை, அதற்கு அவர் என்ன செய்ய முடியும்.

கண் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். சங்கத் தலைவர் ஊட்வார், வண்ணத்துப்பூச்சிக்காரர், பகலில் வெயிலில் பூவில் உட்காருகிறதைப் பிடிப்பதையும் ஒரு கெட்டித்தனம் என்று நினைக்கிற மனிதர், அவர்தான் ஆண்டுக் கூட்டத்தில் குலசிங்கத்தின் கண் என்று சொன்னார். மீன் தொழிற்சாலையில் பழகிய கண். கண்ணாடி மேசைக்கு அடியில் விளக்கு எரியும், மேலே மீன் சதைத் துண்டு ஒவ்வொன்றாக வழுக்கி வரும், வெளிச்சத்தில் சதைக்குள் புழு சுருண்டு கிடப்பது நிழலாகத் தெரியும், இடுக்கியால் கொத்தி எடுத்துவிட்டு அடுத்ததைத் தள்ள வேண்டும். பக்கத்தில் நின்றவர்கள் பத்துப் புழுவில் இரண்டை விட்டுவிடுவார்கள், கதைத்துக்கொண்டே நிற்பார்கள், அவன் கலியாணம் இவள் சீட்டு என்று, குலசிங்கத்தார் ஒன்றையும் விட்டதில்லை, கதைத்ததும் இல்லை. காலை வேலைக்குப் போகிறபோது தொழிற்சாலையின் வெள்ளைச் சுவரில் இரவெல்லாம் விளக்குக்கு வந்த அந்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றவர்களுக்கு அது அழுக்கு, அவர்தான் நின்று பார்த்தவர். ஊர்ச் சனம் அவரை என்ன செய்தது? தமிழ்ச் சங்க விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பூச்சி ஆராய்ச்சியாளர் என்று பொன்னாடை போர்த்திவிட்டு, இறங்கி வந்ததும் செயலாளர் காதோடு காதாகக் கேட்டார், அண்ணை, எங்கட அரிசிச் சாக்கில அந்து பிடிக்குது, என்ன மருந்து அடிக்கலாம் என்று. அன்றைக்கே அந்தப் பக்கம் போவதை நிறுத்திவிட்டார். ஆனால் வெள்ளைக்காரர்களின் ஆண்டுக் கூட்டம் வேறு. ஊட்வார் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளைப் பார்த்து, தர்-ம-கு-ல-சிங்-கம் என்று எழுத்துக்கூட்டி வாசித்தார், மாவட்டத்துக்கு முதல் முறை என்றார், மண்டபம் முழுக்கக் கை தட்டியது, தட்டினவர்கள் எல்லாம் மடையர்கள்தான், ஆனாலும் குலசிங்கத்தார் அன்று கோப்பி குடிக்கிற சாட்டில் வெளியே போய்த் தனியாக நின்றார். அப்படி ஒரு கை தட்டல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இன்னும் இளகவில்லை. இதற்குள் கிடப்பது தம்பி, சந்தேகமில்லாத தம்பி, டென்மார்க்குத் தம்பி. இங்வில் போனில் பேசியபோது தேன் ஒழுகப் பேசினாள், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரு முறை பார்க்கிறோம், உங்களுடையது மட்டுமில்லை, நான் வந்து உங்களோடு சேர்ந்தே செய்கிறேனே என்று. நேற்று முளைத்தது, பட்டம் இருக்கிறது, அதனால் இடுக்கி பிடிக்கத் தெரியும் என்று நினைப்பு. ஒரு காலைப் பிடுங்கி அனுப்பட்டுமா, மரபணு பார்க்கலாமே என்று கேட்டுப் பார்த்தார், அந்தக் காலத்தில் நீங்களெல்லாம் பூச்சி கொல்லப் பாவித்த மருந்தில் அது கெட்டுப்போகிறது, வயிறுதான் ஒரே வழி என்றாள். நீங்களெல்லாம் என்றாள். போனை வைத்துவிட்டு அவர் பெட்டியைத் திறந்து தன் பூச்சியை எடுத்தார், பக்கத்தில் டென்மார்க்குப் பூச்சியை வைத்தார். டென்மார்க்குப் பூச்சி ஒரு கலியாண வீட்டில் பிடித்தது, பவளத்தின் தம்பி மகளுக்குக் கலியாணம், தாலி கட்டுகிற நேரம் எல்லாரும் உள்ளே அட்சதையோடு நிற்க, இவர் மண்டப வாசல் விளக்கடியில் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போத்தல் மூடியால் அமுக்கிப் பிடித்தார், அதற்காகப் பவளம் பஸ்ஸில் திரும்பி வரும்வரை பேசவில்லை, பேசாமல் வந்தது நிம்மதியாகவும் இருந்தது. டென்மார்க்கில் பிடித்தது, அப்படியென்றால் தம்பி, அதைப் போய் ஒடித்துப் பார்ப்பானேன். அந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லென்ஸால் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை. டென்மார்க்குத் தம்பி அகலமாக, கறுத்து, திடமாக இருந்தான், இவருடையது ஒரு சுற்றுச் சின்னது, வெளிறிப்போய், சிறகு ஒடுங்கி. டென்மார்க்குக்காரன் தம்பி என்றால் இவருடையது தம்பி இல்லை. பதினொரு வருடமாகப் புத்தகத்தில் இருப்பது விளக்கடியில் அப்புகிற அண்ணன். அவருக்குப் பயம் வந்தது, சும்மா பயமில்லை, தொழிற்சாலையில் ஒரு நாள்கூட வராத பயம்.

ஆகவே இன்று காலை செய்தது செய்ததுதான், அதைத் திரும்பத் திரும்ப நினைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று நினைத்தார், நினைத்துக்கொண்டே திரும்பவும் நினைத்தார். தன் பூச்சியின் வயிற்றை ஒடித்து முதலில் இந்தக் குழாயில்தான் போட்டார், கோப்பையில் வைத்தார், அதன்பின் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தபின் மறைத்தால் அது பொய், தெரியாதவரை அவர் பொய்யர் இல்லை, இந்தக் கணக்கு அந்த நேரத்தில் மிகவும் சரியாகப் பட்டது. எழுந்து போய்ச் சிங்க்கில் கவிழ்த்துப் பைப்பைத் திறந்துவிட்டார். பிறகு டென்மார்க்குத் தம்பியின் வயிற்றை ஒடித்துக் குழாயில் போட்டார். இது ஊறியதும் சுத்தம்பண்ணி, கிளிசரின் விட்ட சின்னக் குப்பியில் அடைத்து, தன் பூச்சி குத்தியிருக்கிற அதே ஊசியில் கீழே குத்திவிட்டால், இங்வில் வந்ததும், உமக்குச் சிரமம் வேண்டாமென்று நானே செய்து வைத்தேன் என்று நீட்டலாம். அவள் பார்ப்பாள், கொம்பு தெரியும், தலையை ஆட்டுவாள், வடை தின்பாள், பஸ் ஏறுவாள். டென்மார்க்கு உடம்பு குப்பைக்கு. யாருக்கு என்ன நட்டம்? தம்பி இந்த மாவட்டத்தில் இல்லையென்று யார் சொன்னது, இப்போது எத்தனையோ பேர் பிடித்திருக்கிறார்கள், முதலாவது ஆள் யார் என்பதுதானே கேள்வி, அவர் இல்லையென்றால் அடுத்தது அந்தப் பல் டாக்டர், வயிற்றைக் காட்டு என்று இவர் இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறை உண்மையாகவே ஒடித்துக் காட்டினவன். அவன் பெயர் அந்த வரியில் வருவதா? மூன்று எழுத்துப் பெயர். ஊட்வார் ஒரே மூச்சில் வாசித்துவிடுவார். “என்னப்பா, தனியக் கதைக்கிறியள்?” என்று கேட்டாள் பவளம். “ஒண்டுமில்லை.” அவள் உழுந்தை அரைக்கப் போட்டாள், மெஷின் சத்தத்தில் கோப்பைத் தண்ணீர் நடுங்கியது.

இளகிவிட்டது. இடுக்கியால் எடுத்து, சின்னக் கண்ணாடித் தட்டில் தண்ணீர் விட்டு, அதில் வைத்து நுண்காட்டிக்கு அடியில் தள்ளினார். இந்த வேலையில் கை நடுங்காது, எழுபது வயதை நெருங்கியும் நடுங்காது, அது ஒரு பெருமை. தூரிகையால் செதிலைத் தள்ளத் தள்ளத் தட்டில் தவிட்டுப் பொடி பரவியது. நுனியை மெதுவாக அமுக்கினார், பிடிகள் இரண்டும் வெளியே வந்து விரிந்தன. அழகாக வந்தது, எந்தப் பட்டக்காரி செய்தாலும் இவ்வளவு சுத்தமாக வராது. குவியத்தைத் திருப்பினார். குமிழ். தூசியாக இருக்கும் என்று தூரிகையால் தட்டினார், போகவில்லை, மறுபக்கப் பிடியைப் பார்த்தார், அங்கேயும் குமிழ், தடித்து, உருண்டு, விளக்கடியில் அப்புகிற எல்லா அண்ணன்மாருக்கும் இருக்கிற அதே குமிழ். டென்மார்க்கில் பிடித்த அண்ணன். டென்மார்க்கில் அண்ணன் இல்லையென்று யார் சொன்னது, அங்கே இரண்டும் இருக்கிறது, பூச்சிப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, ஒரு பூச்சியைப் பிடித்த ஊரை வைத்துப் பெயர் சொல்லக் கூடாதென்று இவரே நாலு பேருக்குச் சூடாக எழுதியிருக்கிறார். ஒன்பது வருடமாக இதைத் தம்பி என்று பெட்டியில் வைத்திருந்தார். சரி, இது அண்ணன். அப்படியென்றால். அப்படியென்றால் இதைப் போல இல்லாதது, அகலமில்லாதது, கறுப்பில்லாதது, சிறகு ஒடுங்கி, வெளிறி, ஒரு சுற்றுச் சின்னதாக இருந்த அவருடைய பூச்சி. அவர் கண்ணை நுண்காட்டியிலிருந்து எடுக்கவில்லை, எடுத்தால் சிங்க்கைப் பார்க்க வேண்டிவரும். அந்தக் கண் பிழை விட்டிருக்கவில்லை. பதினொரு வருடத்துக்கு முன் சுவரில் பார்த்த உடனே தம்பி என்று சொன்ன அந்தக் கண் சரியாகவே சொல்லியிருக்கலாம், சொல்லியிருக்கும், அதை நம்பாமல் தன் கையாலேயே தண்ணீரில் விட்ட முட்டாள் ஒருவனை இந்த நாடு முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பல் டாக்டர்கூட அப்படிச் செய்திருக்க மாட்டான்.

சிங்க்குக்குக் கீழே அலுமாரிக் கதவைத் திறந்து, சவுக்காரப் போத்தல்களை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, முழங்காலில் விழுந்தார். வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அதற்குள் நின்றிருக்க வேண்டும், அவ்வளவு பாரமில்லாத சாமான், போயிராது. “என்ன, பைப்பைக் கழட்டுறியள்?” “நீ பேசாம நில்.” அடியில் பிளாஸ்டிக் வாளியை வைத்து மரையைத் திருகினார், குழாய் கையோடு வந்தது, கறுத்த தண்ணீர் வாளியிலும் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்திலும் கொட்டியது, வாளிக்குள் எட்டிப் பார்த்தார். உழுந்துக் கோது. காலையிலிருந்து பவளம் கழுவி ஊற்றிய உழுந்தின் கறுப்புத் தோல், ஒவ்வொன்றும் நெல்மணி அளவு, நூற்றுக்கணக்கில், ஊறி, சுருண்டு, வாளி நிறைய. இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார். கோது. கோது. இதுவும் கோது. மேலே எண்ணெய் காய்கிற மணம் வந்தது, வாசல் மணி அடித்தது, பவளம் போய்க் கதவைத் திறந்தாள், சப்பாத்துக் கழற்றுகிற சத்தம் கேட்டது, பிறகு குசினி வாசலில் இரண்டு கம்பளிக் காலுறைகள் வந்து நின்றன, ஒன்று நீலம், மற்றது சாம்பல், ஒரு சோடி காலுறை ஒழுங்காகப் போடத் தெரியாதவள் பூச்சி சரிபார்க்க வந்திருக்கிறாள் என்று அந்த நிலையிலும் அவருக்குத் தோன்றியது.

“குழாய் அடைத்துவிட்டதா?” என்று நோர்வே மொழியான நொஸ்கில் கேட்டாள் இங்வில்.

“என் மனைவி,” என்றார் அவர், தலையை வெளியே எடுக்காமல், நொஸ்கிலேயே. “ஊறவைத்திருந்தேன். தெரியாமல் கொட்டிவிட்டாள். அந்த வயிற்றை.”

எண்ணெயில் ஒரு வடை விழுந்தது, இன்னொன்று விழுந்தது. காலுறைகள் நெருங்கி வந்தன, இங்வில் அவருக்குப் பக்கத்தில் நனைந்த தரையிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்தாள், வாளிக்குள் பார்த்தாள். “வெள்ளைத் தட்டு ஒன்று இருந்தால் இலேசாக இருக்கும்,” என்றாள். “நானும் தேடுகிறேன். இன்னொரு இடுக்கி இருக்கிறதா?” அவள் குரலில் இளக்காரம் இருக்கிறதா என்று அவர் காதைக் கூராக்கிக் கேட்டார், இல்லை, அது இருந்திருந்தால் எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

“காலமை நீங்கள்தான் கவிழ்த்தனீங்கள்,” என்றாள் பவளம் அடுப்பைப் பார்த்தபடியே, தமிழில். முதியோர் இல்லத்தில் இருபது வருடம் வேலை செய்தவளுக்கு நொஸ்க் விளங்கும் என்பதை அவர் எப்போதுமே கணக்கில் எடுத்ததில்லை. “நான் உதிலதான் நிண்டனான். பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அண்டைக்குக் கலியாண வீட்டிலயும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். பொய் சொல்லுறதெண்டாலும் எழும்பி நிண்டு சொல்லுங்கோ.”

“உங்கள் மனைவி என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் இங்வில்.

குலசிங்கத்தார் சிங்க்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். ஒரேயடியாக எழும்ப முடியவில்லை, ஒரு முழங்கால், பிறகு மற்ற முழங்கால், இரண்டும் நனைந்திருந்தன. இடுக்கி இன்னும் கையில் இருந்தது, அதன் நுனியில் ஒரு கோது.

“கொட்டியது அவள் இல்லை, நான் என்கிறாள்,” என்றார். “சரியாகத்தான் சொல்கிறாள்.”